நேரடி விமானம் இல்லை

மதுரைக்கும் தூத்துக்குடிக்கும்
வான்வழித் தூரம் நூற்று இருபத்து நான்கு கிலோமீட்டர்,
பறக்கும் நேரம் நாற்பத்தைந்து நிமிடம்
என்கிறது கணினி.
அந்த வழியில் ஒரு விமானமும் கிடையாது.
இல்லாத விமானம் ஏறவும் இறங்கவும்
பாதி நேரத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்
எந்த ஊர்க் கணக்குப்பிள்ளையோ.

கீழக்கரையில்
ஜெட்டிக்குப் போகிற தெருவில் என் கடை.
டிக்கெட், விசா, பாஸ்போர்ட் போட்டோ,
ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
சுவர் வரைபடத்தில் மூன்று குண்டூசி:
மதுரை, தூத்துக்குடி, நாங்கள்.
ஒரு நாள் வியாபாரம் இல்லாத மத்தியானம்
தையல் நூல் கட்டி அளந்தேன்.
இரண்டு ஊரும் எங்களுக்கு ஒரே தூரம்.
ஆகவே
எங்கே இறங்கினாலும் கிட்ட இல்லை.

துபாயிலிருந்து சீனி நெய்னா கேட்டார்:
"தம்பி எறங்குற ஊர்ல
என்னைய எறக்கிவிட்றாத புள்ள."
மண்ணடியிலிருந்து அமீர் ஹம்சா:
"காக்கா மதுரைன்னா எனக்குத் தூத்துக்குடி.
ரெண்டாயிரம் கூடப் போனாலும் சரி."

பெரியபட்டினத்தில் ஒரு தென்னந்தோப்பு.
எழுபது மரம்.
அதில் வாய்க்கால் ஓரத்துப் பதினொன்று
யாருக்கு என்பதில்
ஒன்பது வருடம் பேச்சில்லை.
இப்போது விற்கிறார்கள்.
பத்திரத்தில் இரண்டு பேரும்
ஒரே நாளில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

இரண்டு டிக்கெட் போட்டேன், இரண்டு கார் அனுப்பினேன்.
ஒன்று பரமக்குடி வழியாக வரும்,
ஒன்று சாயல்குடி வழியாக.
பதிவாளர் வாசலில்கூட
பத்து நிமிடம் தள்ளியே சேரும்படி
நேரம் குறித்துக் கொடுத்தேன்.
எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஐப்பசி மழை.
தூத்துக்குடியில் ஓடுபாதை தெரியவில்லை.
இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
அந்தச் சின்ன விமானம்
மூக்கை வடக்கே திருப்பியது.

இல்லாத வழியில் அன்று ஒன்று பறந்தது.
இருபத்து மூன்றே நிமிடம்.
கணினி சொன்னதில் பாதி.

மதுரையிலிருந்து டிரைவர் கருமலையான் போன் செய்தான்:
"அக்கா, நெய்னா சார் பேரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.
ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்க.
மூஞ்சி ஒரே மாதிரி இருக்கு. என்ன செய்ய?"
நான் யோசித்தேன்.
"டிக்கி பெருசுதானே" என்றேன்.

மற்றது அவன் சொல்லித்தான் தெரியும்.
மானாமதுரை தாண்டும்வரை
வைப்பர் மட்டும் பேசியிருக்கிறது.
பார்த்திபனூரில் டீக்கு நிறுத்தியபோது
"சீனி வேணாம்" என்றாராம் முன் சீட்டில் இருந்தவர்.
பின் சீட்டில் இருந்தவர்
கடைக்காரரைப் பார்த்து "எனக்கும்" என்றிருக்கிறார்.
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
கிளாஸைப் பார்த்தபடி:
"எப்பருந்து?"
"மூணு வருசமா."
"எனக்கு ஆறு."
அங்கிருந்து ராமநாதபுரம்வரை
மாத்திரைப் பெயர்களாகவே பேசிக்கொண்டு வந்தார்களாம்.
எது காலையில், எது சோற்றுக்கு முன்னால்,
எது காலை வீங்க வைக்கும்.
தோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கையெழுத்து ஆயிற்று.
பதினொரு மரம் எந்தக் கணக்கில் போனதென்று
நான் கேட்கவில்லை.
திரும்பும் டிக்கெட்டை மாற்றச் சொல்லி
யாரும் அழைக்கவுமில்லை.
அவர் மதுரைக்கு, இவர் தூத்துக்குடிக்கு,
வேறு வேறு காரில்தான் போனார்கள்.

ஒன்றுதான் பாக்கி.
அன்று காலை ஆளில்லாமல்
வாகைக்குளத்தில் மழையில் நின்றுவிட்டு வந்த
அந்தக் காரின் வாடகையை
இருவருமே முழுதாக அனுப்பியிருக்கிறார்கள்,
ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்.
நான்காயிரத்து இருநூறு, இரண்டு முறை.

ஒரு பங்கைத் திருப்ப வேண்டும்.
யாருக்கு என்றுதான்
நான்கு நாளாக
குண்டூசிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.